புகார் கொடுத்த பிறகு விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று அறிந்துகொள்ள என்ன வழி?

கேள்வி: தீவுவாசி (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். சட்டமும் காவல் துறை நடைமுறையும் அறிந்தவர்கள் இங்கே சிலர் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்கு நடந்து சென்றுகொண்டிருந்த என் தாயாரின் தாலிக்கொடியை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போனார்கள். கொடி எளிதில் அறுந்து வரவில்லை. இழுத்த இழுப்பில் அவர் கால்வாய் ஓரமாக விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவரை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவன் நான். மறுநாள் விசாரணை அதிகாரி வார்டுக்கே வந்து அம்மாவிடம் வாக்குமூலம் வாங்கினார். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவசரப்படுத்தாமல் கேட்டார். அம்மாவின் மலாய் தடுமாறிய இடங்களில் என்னை எடுத்துச் சொல்லச் சொன்னார். போகும்போது புகார் நகலின் பின்புறத்தில் தம் பெயரையும் கைத்தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்து, ஏதாவது தெரிந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார்.

அதோடு சரி. அந்த எண்ணை யாரும் எடுப்பதில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய செய்திக்கு இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் மட்டும் வரவில்லை. காவல் நிலையத்தில் கேட்டால் கோப்பு மாவட்டத் தலைமையகத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாவட்டத் தலைமையக முகப்பில் கேட்டால், அந்த அதிகாரி மாற்றலாகிவிட்டார், புதிய அதிகாரி வெளியே போயிருக்கிறார் என்கிறார்கள். புதியவரின் பெயரைக் கேட்டதற்கு, அவர் வந்ததும் அவரே அழைப்பார் என்று பதில் வந்தது.

இந்த நிலையில், அண்மையில் ஒரு தமிழ் நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய செய்தி ஒன்றைப் பார்த்தேன். எங்கள் வட்டாரத்தில் நடந்த பல வழிப்பறிகளுக்காக இருவர் மேல் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறதாம். அந்தப் பலவற்றில் என் தாயாருடையதும் ஒன்றா என்பது எங்களுக்குத் தெரியாது. கொடி திரும்பக் கிடைக்கும் என்ற ஆசையெல்லாம் அம்மாவுக்கு எப்போதோ போய்விட்டது. "புடிச்சாங்களா இல்லையான்னு மட்டும் சொல்லட்டுமே" என்றுதான் கேட்கிறார்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு விவரம் தெரிவிக்கும் கடமை காவல் துறைக்குச் சட்டப்படி உண்டா, இல்லை அது அதிகாரியின் நல்ல மனத்தைப் பொறுத்ததா? யாரிடம், எந்த முறையில் கேட்டால் பதில் வரும்? நம் நாட்டில் இது சீர்பட என்ன செய்யலாம் என்பதையும் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: ஓய்வுபெற்ற சார்ஜன் (செபராங் பிறை)

தம்பி, முதலில் உங்கள் தாயார் நலமடைந்திருப்பார் என்று நம்புகிறேன். நான் அந்தச் சீருடையைப் பல ஆண்டுகள் அணிந்தவன். ஆகவே உள்ளே நடப்பதை, அதற்கு வக்காலத்து வாங்காமல், இருப்பது இருக்கிறபடி சொல்கிறேன்.

நீங்கள் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் அங்கேயே தங்குவதில்லை. அது மாவட்டத் தலைமையகத்துக்குப் போய், எந்தக் குற்றப்பிரிவின் கீழ் வருகிறது என்று வகைப்படுத்தப்பட்டு, ஒரு விசாரணை அதிகாரியின் கைக்கு வருகிறது. நாங்கள் 'ஐஓ' என்று சொல்லும் அந்த அதிகாரிக்கு முறைப்பணி நாள் வந்தால், அன்று மாவட்டத்தில் விழும் புதிய புகார்கள் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். அவற்றுக்கு மேல் பழைய கோப்புகள், நீதிமன்றத்தில் சாட்சியம் சொல்ல வேண்டிய நாள்கள், தடயங்களை ஆய்வுக்கு அனுப்பும் வேலை எல்லாம் இருக்கும். இவற்றுக்கு நடுவில் மாற்றல் உத்தரவு வந்தால், கோப்புகளைக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார். கோப்பு கைமாறுகிறது, உங்களிடம் சொன்ன வாய்வாக்கு கைமாறுவதில்லை.

என் காலத்தில் விசாரணை நாட்குறிப்பை மேலதிகாரிகள் வாங்கிப் பார்ப்பார்கள். சாட்சியின் வாக்குமூலம் எங்கே, மருத்துவ அறிக்கை கேட்டாயா, கண்காணிப்புக் கேமரா பதிவை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று சிவப்பு மையில் குறிப்பு எழுதுவார்கள். புகார்தாரரைக் கூப்பிட்டுச் சொன்னாயா என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டதாக எனக்கு நினைவில்லை. கோப்பில் கேட்கப்படாத வேலை, வேலை மிகுந்த நாளில் முதலில் விடுபடும் வேலை. அதிகாரிக்கு அக்கறை இல்லை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான் என்பது என் கருத்து.

ஒரு சில விஷயங்களை வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சந்தேகத்துக்குரியவர் பிடிபட்டால் உங்கள் தாயாரை அடையாள அணிவகுப்புக்கு அழைக்க வேண்டியிருக்கலாம். அதற்கு முன்பே பிடிபட்டவரின் வயது, தோற்றம், அவர் ஓட்டிய வண்டி ஆகியவற்றை அதிகாரி சொல்லிவிட்டால், உங்கள் தாயார் நேர்மையாக அடையாளம் காட்டினாலும், சொல்லிக் கொடுத்துக் காட்ட வைத்தார்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிழித்துவிடுவார். அதனால் அனுபவமுள்ள ஐஓ பலர் எதையும் சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்று பழகிவிட்டார்கள். ஆனால், இப்போது கோப்பு யாரிடம் இருக்கிறது, அவருடைய எண் என்ன என்பதைச் சொல்வதால் எந்த விசாரணையும் கெடாது. அதைக்கூடச் சொல்லாதது வெறும் வழக்கம்.

நீங்கள் முகப்பில் நின்று கேட்டது போதாது. மாவட்டக் குற்றப் புலனாய்வுப் பிரிவின் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். புகார் எண்ணைத் தெளிவாக எழுதி எடுத்துப் போங்கள், குரலை உயர்த்தாதீர்கள்.


மறுமொழி: நீதிமன்ற வாசல் (கோலாலம்பூர்)

வணக்கம் ஐயா. நான் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில், உண்டு என்பதுதான். ஆனால் அந்தக் கடமை நீங்கள் கேட்டால்தான் பிறக்கிறது. கேட்காமல் இருந்தால் யாரையும் அது கட்டுப்படுத்தாது.

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவுதான் புகார் கொடுப்பதைப் பற்றியது. நாட்டின் எந்த மூலையில் நடந்த குற்றமானாலும் புகாரை ஏற்றுக்கொள்வது எந்தக் காவல் அதிகாரிக்கும் கடமை என்று அது சொல்கிறது. வாய்மொழியாகச் சொல்லப்படும் புகாரை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது அதற்கு அடுத்து வரும் 107ஏ பிரிவு. இது 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டு 2007-இல் நடைமுறைக்கு வந்தது. புகார் கொடுத்தவர், தாம் புகார் கொடுத்த காவல் நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் விசாரணையின் நிலை குறித்து அறிக்கை கேட்கலாம். புகார் கொடுத்து 4 வாரங்கள் கழிந்திருக்க வேண்டும். குற்றம், பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். விசாரணையைக் கெடுக்கக்கூடிய தகவலை அவர்கள் தரத் தேவையில்லை. இந்த வரம்புகளுக்கு உட்பட்டு, கோரிக்கை கிடைத்த 2 வாரங்களுக்குள் அவர் அறிக்கை தந்தாக வேண்டும்.

தராவிட்டால் அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் முறையிடலாம். அவர் மாவட்டக் காவல் துறைத் தலைவரிடமிருந்து விரிவான அறிக்கையைக் கேட்டுப் பெற்று, உங்களுக்குப் பதில் கிடைக்கச் செய்ய வேண்டும். அந்த உத்தரவை மீறும் அதிகாரிக்கு ஒரு மாதம் வரை சிறையோ 1,000 ரிங்கிட் வரை அபராதமோ விதிக்கலாம் என்று கூட எழுதிவைத்திருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் இவ்வளவு பல்லோடு இருக்கும் ஒரு பிரிவைப் பயன்படுத்திக் கடிதம் கொடுப்பவர்கள் மிகச் சிலரே என்பதுதான் எனக்கு வியப்பு. என்னிடம் வருபவர்களில் அதைக் கேள்விப்பட்டவர்களே அரிது.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உங்கள் வழக்குக்குப் பொருந்துகின்றன. முதலாவது, நீங்கள் மாவட்டத் தலைமையகத்துக்கு அலைந்திருக்கிறீர்கள். சட்டமோ புகார் கொடுத்த காவல் நிலையத்தைத்தான் குறிப்பிடுகிறது. ஆகவே கடிதத்தை அந்த நிலையப் பொறுப்பதிகாரியின் பெயருக்கு எழுதி, நகலை மாவட்டத் தலைவருக்கு அனுப்புங்கள். புகார் எண், நாள், முதல் விசாரணை அதிகாரியின் பெயர், 107ஏ பிரிவின் கீழ் கேட்கிறேன் என்ற ஒரு வாக்கியம், இவை போதும். நடந்த கதையை மறுபடி எழுத வேண்டாம். நேரில் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான சாப்பையும் (முத்திரையையும்) தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் 2 வாரம் ஓடத் தொடங்கும்.

இரண்டாவது, இந்த உரிமை பாதிக்கப்பட்டவருக்கு என்று எழுதப்படவில்லை, தகவல் கொடுத்தவருக்கு என்றே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் புகார் கொடுத்தவர் நீங்கள் என்பதால் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவரும் நீங்களே. இந்தச் சொல்லமைப்பால் சங்கடப்படும் குடும்பங்கள் உண்டு. சாலையில் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடக்க, வழிப்போக்கர் ஒருவர் புகார் கொடுத்தால், சட்டத்தின் எழுத்தின்படி அறிக்கை கேட்கும் உரிமை அந்த வழிப்போக்கருக்கு இருக்கிறது, இறந்தவரின் மனைவிக்கு இல்லை. நான் பார்த்தவரை அதிகாரிகள் இதில் விடாப்பிடியாக நிற்பதில்லை என்றாலும், திருத்தப்பட வேண்டிய குறை இது. அதேபோல், பக்கத்து வீட்டுக்காரர் கையால் அடித்துச் சிறு காயம் ஏற்படுத்தியது போன்ற குற்றங்கள் பிடியாணை இன்றிக் கைது செய்யும் வகையில் வராததால், அவற்றுக்கு இந்தப் பிரிவு உதவாது. அத்தகைய புகாரைக் கொடுத்தவர்கள் மாதக்கணக்காகக் காத்திருப்பதைப் பார்க்கிறேன். அரசுத் தரப்பின் உத்தரவு இல்லாமல் அந்தப் புகாரில் விசாரணையே தொடங்காது என்பதையும், மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாக முறையிடும் வழி ஒன்று இருப்பதையும் முகப்பிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

உங்களுக்கு இன்னோர் அவசரம் இருக்கிறது. நாளிதழில் வந்த வழக்கு உங்கள் தாயாருடையதாக இருந்தால், தண்டனை விதிக்கப்படுவதற்கு முன் நீங்கள் அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால், அந்தக் குற்றம் தம் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்பதைத் தண்டனைக்கு முன் அவர் சொல்ல நீதிமன்றம் இடம் தர வேண்டும். வர இயலாவிட்டால் எழுத்து மூலமான அறிக்கையை ஏற்றுக்கொள்ளவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 426-ஆம் பிரிவின் கீழ், அரசுத் தரப்பு விண்ணப்பித்தால் குற்றவாளி இழப்பீடு தரும்படி உத்தரவிடவும் முடியும். குற்றம் சாட்டப்பட்டவர் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டால் எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிடலாம். யாரும் ஒரு தொலைபேசி அழைப்புச் செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் பாதிக்கப்பட்டவரின் இந்த இரண்டு வாய்ப்புகளும் போய்விடுகின்றன. எனவே கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திராமல், லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றப் பதிவகத்துக்கு நாளிதழ்ச் செய்தியை எடுத்துப் போய் வழக்கு எண்ணையும் அடுத்த தவணை நாளையும் கேளுங்கள்.


மறுமொழி: செந்தூல்காரன் (கோலாலம்பூர்)

வழிப்பறியைப் பற்றிப் பேசும் இடத்தில் மோசடியைப் பற்றிச் சொல்வது திசைமாற்றம் ஆகாது என்று நினைக்கிறேன்.

என் அக்காவை மக்காவ் ஸ்கேம் கும்பல் ஏமாற்றியது. "உங்கள் பெயரில் கறுப்புப் பண வழக்கு இருக்கிறது, நான் காவல் துறை அதிகாரி பேசுகிறேன்" என்று மிரட்டியே சேமிப்பை எல்லாம் மாற்ற வைத்தார்கள். 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு உடனே அழைத்தோம், புகாரும் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் யாரும் எதிர்பாராத சிக்கல் வந்தது. உண்மையான விசாரணை அதிகாரி தம் சொந்தக் கைத்தொலைபேசியிலிருந்து அழைத்து, "நான் காவல் துறை அதிகாரி பேசுகிறேன், உங்கள் வங்கிக் கணக்கு விவரங்களைக் கொண்டு வாருங்கள்" என்றார். அக்கா தொடர்பைத் துண்டித்து அந்த எண்ணை முடக்கிவிட்டார். அவரை யார் குறை சொல்ல முடியும்? அவர் வாழ்க்கையைக் கெடுத்த அழைப்பும் அதே வார்த்தைகளில்தான் தொடங்கியது. பிறகு நான் நேரில் போய் விளக்கும்வரை, புகார்தாரர் ஒத்துழைக்கவில்லை என்ற எண்ணத்திலேயே அந்த அதிகாரி இருந்திருக்கிறார்.

மோசடி வழக்குகளிலாவது, புகார் கொடுக்கும் நேரத்திலேயே ஒரு தாளில் எழுதித் தரலாம்: உங்களை அழைக்கப்போகும் அதிகாரியின் பெயர் இது, அவர் தொலைபேசியில் கடவுச்சொல்லோ பணமோ கேட்க மாட்டார், சந்தேகம் இருந்தால் மாவட்டத் தலைமையகத்தின் நிலையான எண்ணுக்கு அழைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் சொந்த எண்ணிலிருந்து அழைக்கும் வழக்கமே எனக்குச் சரியாகப் படவில்லை. எண் அந்த மனிதரோடு போய்விடுகிறது. தீவுவாசிக்கு நேர்ந்ததும் அதுதானே. பணிக்கென்று ஓர் எண் கொடுத்தால் அது நாற்காலியோடு இருக்கும்.


மறுமொழி: மாக்மண்டின் தமிழ்ச்செடி (பட்டர்வொர்த்)

எல்லாரும் பதில் வராததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகிற தன்னார்வலர். அங்கே பதில் வந்தும் புரியாமல் போவதுதான் பெரிய துன்பமாக இருக்கிறது.

முதலில் முகப்பைச் சொல்ல வேண்டும். தொலைந்த அடையாள அட்டைக்குப் புகார் கொடுக்க வந்தவர்கள் பின்னால் வரிசையில் நிற்க, கணவன் தன்னை என்ன செய்தான் என்பதை ஒரு பெண் கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். உள்ளே இருக்கும் இளைஞருக்குக் கேட்காது, அவர் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "எங்கே அடித்தார்?" என்று உரக்கக் கேட்பார். வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும். அதன் பிறகு அவள் சொல்வது பாதியாகக் குறைந்துவிடும், புகாரிலும் அந்தப் பாதிதான் பதிவாகும். இதற்கு மாற்று வழி நம் நாட்டிலேயே பல ஆண்டுகளாக இருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1994-இல் தொடங்கி மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் பரவிய ஒருங்கிணைந்த நெருக்கடி மையத்தில், தனி அறையில் மருத்துவர் பார்ப்பார். காவல் துறையும் சமூக நலத் துறையும் அங்கேயே வந்து பேச ஏற்பாடு உண்டு. காயத்தோடு வருகிற பெண்ணை நான் பெரும்பாலும் முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன்.

அடுத்தது இடைக்காலப் பாதுகாப்பு ஆணை. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், விசாரணை நடக்கும் காலத்தில் கணவன் நெருங்காமல் இருக்க நீதிமன்றம் இதைக் கொடுக்கிறது. விசாரணை முடிந்து, மேல் நடவடிக்கை இல்லை என்றோ குற்றம் சாட்டப்படும் என்றோ காவல் அதிகாரி எழுத்து மூலம் தெரிவித்தால் அந்த ஆணையின் காலம் முடிகிறது. குற்றம் சாட்டப்படும் என்று தெரிவிக்கப்பட்ட நிலையில், 7 நாள்களுக்குள் அடுத்த பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பித்தால் பழைய பாதுகாப்பு அறுபடாமல் தொடரும். முன்பெல்லாம் விசாரணை முடிந்ததே தெரியாமல் பெண்கள் பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்; எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தது பெரிய முன்னேற்றம் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கடிதம் எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பாருங்கள். தோட்டத்தில் வளர்ந்து, இங்கே தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கையில் நீதிமன்ற மலாயில் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். அவள் போட்டுவிட்டு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிடுகிறாள். அதில் 7 நாள் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. பிற்பாடு நான் கேட்டால், "எல்லாம் குடுத்துட்டாங்க அக்கா, வச்சிருக்கேன்" என்பாள். தெரிவிக்கும் கடமையைக் காவல் துறை நிறைவேற்றிவிட்டது என்று கோப்பு சொல்லும். புரிந்ததா என்று கேட்டு, அவள் தன் வாயால் திருப்பிச் சொல்வதைக் கேட்ட பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு இருந்தால் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். தமிழ் தெரிந்த காவலர் அந்த நிலையத்தில் இல்லாவிட்டால் அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் 15999 எண்ணிலோ, பினாங்கில் 1985-ஆம் ஆண்டு முதல் இயங்கும் பெண்கள் மாற்ற மையம் என்ற தன்னார்வ அமைப்பிலோ உதவி கேட்கலாம். அதைச் சொல்வதற்குக்கூட ஒருவர் வேண்டும்.


மறுமொழி: ஓய்வுபெற்ற சார்ஜன்

அக்கா எழுதியதில் நியாயம் இருக்கிறது. தனி அறை கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் 107ஏ பிரிவில் இருப்பதுபோல் கெடு வைத்துத் தகவல் சொல்லச் சொல்வதைப் பற்றி எனக்கு ஓர் ஐயம். கெடு வைத்தால் காவல் துறை அதை நிறைவேற்றும். எப்படி? "உங்கள் புகார் விசாரணையில் உள்ளது" என்ற ஒரே வாக்கியம் எல்லாருக்கும் கணினியிலிருந்து போகும். எண்ணிக்கைப் பலகையில் நூற்றுக்கு நூறு காட்டும். 107ஏ கடிதத்துக்கு வரும் பதில்களிலும் இப்படிப்பட்டவை உண்டு என்பதை வழக்கறிஞர் ஐயாவே அறிவார். 2005-இல் துன் முகமட் சைடின் தலைமையில் காவல் துறையைப் பற்றி ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகளைக் கொடுத்தபோது நான் பணியில் இருந்தேன். பலகைகளும் படிவங்களும் மாறின. முகப்பில் மனிதன் மனிதனோடு பேசும் விதம் மாற அதைவிட நாளாகிறது.


மறுமொழி: நீதிமன்ற வாசல்

சார்ஜன் ஐயா சொல்வது மெய்தான். அத்தகைய ஒற்றை வரிப் பதில்கள் என் அலுவலகக் கோப்புகளிலும் இருக்கின்றன. இருந்தாலும் கெடுவை நான் கைவிட மாட்டேன்.

இங்கிலாந்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கான நெறிமுறை ஒன்று இருக்கிறது. சந்தேகத்துக்குரியவர் கைது செய்யப்பட்டால், பிணையில் விடப்பட்டால், அதைப் பாதிக்கப்பட்டவருக்கு 5 வேலை நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படுபவருக்கு ஒரு வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவு, விசாரணையின் முன்னேற்றத்தைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாள்களுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. மின்னணுச் செய்தியாகவும் தெரிவிக்கலாம். இரண்டிலும் நான் கவனிப்பது ஒன்றுதான்: பாதிக்கப்பட்டவர் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நம் 107ஏ, கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் கதவாக இருக்கிறது. மேலும் இங்கிலாந்தின் முறை நாள்காட்டியைப் பார்த்து ஓடவில்லை, நிகழ்வைப் பார்த்து ஓடுகிறது. கைது, பிணை, குற்றச்சாட்டு, நீதிமன்றத் தவணை, மேல் நடவடிக்கை இல்லை என்ற முடிவு ஆகிய இடங்களில் தகவல் சொல்ல வேண்டும் என்று விதித்தால், கணினியின் ஒற்றை வாக்கியம் அங்கே செல்லாது. கைது நடந்தது என்றால் நடந்தது என்றுதான் எழுத வேண்டும்.

அந்தப் பட்டியலில், விசாரணை அதிகாரி மாறினார் என்பதையும் ஒரு நிகழ்வாகச் சேர்க்க வேண்டும் என்பேன். வேறு எதையும் சொல்ல முடியாவிட்டாலும் புதிய பெயரையும் பணி எண்ணையும் அனுப்புவதில் எந்த இரகசியமும் இல்லை என்று சார்ஜன் ஐயாவே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் சொன்ன விசாரணை நாட்குறிப்பிலேயே, புகார்தாரருக்கு இன்ன நாளில் இன்னது தெரிவிக்கப்பட்டது என்று ஒரு வரி கட்டாயமாக்கப்பட்டால், சிவப்பு மைக் குறிப்பு அந்த வரியின் மீதும் விழும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, துறை ஆணை ஒன்றே போதும்.

நடத்தை பற்றிய முறையீட்டுக்கு, 2023 ஜூலை 1 முதல் சுயேச்சைக் காவல் துறை நடத்தை ஆணையம் இருக்கிறது. ஆனால் தொலைபேசி எடுக்கவில்லை என்பதற்காக அங்கே போவதில் பயனிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆணையம் தானே தண்டிப்பதில்லை, கண்டறிந்ததை உரிய இடத்துக்கு அனுப்புகிறது. உங்களுக்கு வேண்டியது தகவல்தான் என்றால் 107ஏ குறுகிய வழி.


மறுமொழி: தீவுவாசி

பெரியவர்கள் அனைவருக்கும் நன்றி. கடிதத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துச் சாப் வாங்கிவிட்டேன். முகப்பில் இருந்தவர் முதலில் தலைமையகத்துக்குப் போகச் சொன்னார். 107ஏ என்ற எண்ணைக் காட்டியதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். அந்த வாரத்திலேயே புதிய விசாரணை அதிகாரி என்னை அழைத்தார். நாளிதழில் வந்த வழக்கில் அம்மாவின் புகாரும் ஒரு குற்றச்சாட்டாக இருக்கிறது. இருவரும் குற்றத்தை மறுத்து நீதிமன்ற விசாரணை கோரியிருப்பதால் அம்மா சாட்சியாக அழைக்கப்படுவார், அதற்கான அழைப்பாணை பிறகு வரும் என்றார். கொடி கிடைக்கவில்லை. பேச்சில் எந்தக் கடுமையும் இல்லை. என் பெயரும் எண்ணும் அவருடைய கோப்பில் முன்பே இருந்திருக்கின்றன.

அம்மாவிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வியை இங்கே வைக்கிறேன். நீதிமன்றத்தில் அவர் தமிழிலேயே பேசலாமா? மருத்துவச் செலவு ரசீதுகளை யாரிடம் கொடுப்பது?


மறுமொழி: நீதிமன்ற வாசல்

தாராளமாகத் தமிழில் பேசலாம்; நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் எடுத்துச் சொல்வார். ஆனால் தவணை நாளுக்கு முன்பே வழக்கை நடத்தும் அரசு துணை வழக்கறிஞருக்கு விசாரணை அதிகாரி வழியாகத் தெரிவித்துவிடுங்கள். அன்று காலையில் சொன்னால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேறு நீதிமன்றத்தில் இருக்க, வழக்கு தள்ளிப்போகக்கூடும். ரசீதுகளின் மூலப் பிரதிகளை நீங்களே வைத்துக்கொண்டு, நகல்களை அரசு துணை வழக்கறிஞரிடம் கொடுத்து, குற்றம் உறுதியானால் 426-இன் கீழ் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்படியும், தண்டனைக்கு முன் அம்மா பேச விரும்புகிறார் என்றும் எழுத்து மூலம் கேளுங்கள். எலும்பு முறிவுக்குப் பிறகு அவரால் இப்போது எந்தெந்த வேலைகளைச் செய்ய முடியவில்லை என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற விசாரணை முடியும்போது அந்த விவரங்கள் தேவைப்படும்.